யாருடைய மண்ணுக்கு இந்த அழுகை?

போன மாசியில் ஒருநாள் அதிகாலை ஐந்து மணி. எங்கள் காலனி முக்கில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் நிற்கிறது. உள்ளே பதினாறு பேர், எல்லோரும் பெண்கள். டிரைவர் தம்பி பென்டிரைவில் பாட்டுப் போட்டான். 'பரதேசி' படத்தின் 'செங்காடே'. பாட்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்சீட்டிலிருந்து என் அம்மா சத்தம் போட்டார்: "ஏப்பா, விடியக்காலைல எதுக்கு எழவு வீட்டுப் பாட்டப் போடுற? மாத்து." பக்கத்தில் இருந்த மதினி சேர்த்துக்கொண்டார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு. வரும்போது போடு. போகும்போது வேணாம்." அவன் சிரித்துக்கொண்டே ஒரு குத்துப்பாட்டுக்கு மாற்றினான். ஜீப் கம்பம்மெட்டுப் பாதையில் ஏறிப் போய்விட்டது.

நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். கையில் இருந்த கைப்பேசியில் அதே பாட்டு வேறொரு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முற்போக்குத் தோழர் ஒருவர், நல்ல நண்பர், ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் பெண்களின் படத்துக்கு இந்தப் பாட்டை ஒட்டி ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். மேலே எழுத்து: "சொந்த மண்ணை இழந்தவர்களின் வலி." கீழே கண்ணீர்ப் பொம்மைகள்.

இந்தக் கட்டுரை அந்தக் கண்ணீர்ப் பொம்மைகளைப் பற்றியது. நண்பர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன். கோபித்தாலும் பரவாயில்லை.

முதலில் என் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். 2013 மார்ச்சில் படம் வந்தபோது எனக்கு இருபது வயது. மதுரையில் கல்லூரித் தோழிகளோடு தியேட்டரில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். சாலூர் சனங்கள் மூட்டை முடிச்சோடு கங்காணியின் பின்னால் நடக்கிறார்கள். நடக்க நடக்க ஒருவர் விழுகிறார், கூட்டம் விட்டுவிட்டுப் போகிறது. வைரமுத்துவின் சொற்கள், ஜி.வி.பிரகாஷின் மெட்டு. செம்மண் காட்டிடமும் கரட்டிடமும் விடைபெற்றுக்கொண்டு பிழைப்புத் தேடிப் போகும் பாட்டு. ஒரு வருடம் அதுதான் என் காலர் டியூன். அம்மா எனக்குப் போன் அடிக்கும்போதெல்லாம் அதைக் கேட்டிருக்கிறார். ஒருதடவைகூட அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த மௌனத்தை நான் அப்போது ரசனை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது முனைவர் பட்டத்துக்குத் திரைப்பாடலும் உழைப்பும் என்று ஆய்வு செய்கிறேன். அதற்காக எங்கள் தெருப் பெண்களிடம் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டிப் பேசினேன். ஒருத்தி செத்துப்போன தன் தம்பியைப் பற்றிப் பேசினாள். ஒரு அத்தை, "அதுக எல்லாம் வெறுங்காலோட நடக்குதுக பாரு. எங்க மாமியாரும் அப்படித்தான் ஏறினா" என்று காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி கங்காணியைத் திட்டத் தொடங்கி, இப்போது ஆள் பிடிக்கிறவன் எவ்வளவு கமிஷன் எடுக்கிறான் என்ற கணக்குக்கு வந்துவிட்டாள். அதற்குமேல் பாட்டை யாரும் கேட்கவில்லை. பேசியது பதினொரு பேர். ஒருவர்கூட "மண்ணை விட்டுப் போறாங்களே" என்று சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்: ஊரை விட்டுப் போறதுதானே சோகம்?

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எந்த ஆய்வுக் குறிப்பிலும் எழுத முடியாது. "நமக்கு எங்க பாப்பா காடு இருந்துச்சு, அதுகிட்டச் சொல்லிட்டுப் போறதுக்கு?"

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

என் அம்மாச்சி மலை ஏறிய கதையைச் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பசேல் என்று இருக்கும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தபிறகு இருபோகம் விளையும் பூமி. தேனிக்காரர்கள் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைப்பார்கள். வைக்கட்டும், தண்ணீர் தந்தவர். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் கதிர் அறுத்ததும் என் அம்மாச்சி வகையறா. வயல் அவர்களுடையது இல்லை. வரப்பு அவர்களுடையது இல்லை. குடிசை போட்டிருந்த இடமும் பண்ணைக்காரர் 'இருந்துக்கோ' என்று சொன்ன இடம். ஒருநாள் களத்தில் கட்டு ஒன்று குறைந்தது என்று தாத்தாவைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அன்றிரவே இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, ஒரு கங்காணி கொடுத்த முன்பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு, காட்டுப்பாதையில் மேலே ஏறிவிட்டார்கள்.

சின்னப்பிள்ளையாக இருந்தபோது கேட்டிருக்கிறேன்: "திரும்பிப் பார்த்தியா அம்மாச்சி?"

"திரும்பிப் பார்த்தா நாய் முழிச்சுக் கொலைக்கும்னு உங்க தாத்தன் பார்க்கவே விடல."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தக் கதையை அவள் எப்போது சொன்னாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். தப்பித்த கதை அது. கொள்ளைக்காரனிடமிருந்து நகையைக் காப்பாற்றியவர்கள் சொல்வதுபோலச் சொல்லுவாள்.

மேலே சொர்க்கம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. லயத்திலும் சாதிவாரியாக வரிசை இருந்தது. கங்காணி ஆதிக்க சாதிக்காரன், கூலியில் பாதி அவன் கணக்கில் போனது. முன்பணம் வட்டியாகப் பெருகிக் காலைக் கட்டியது. அட்டை கடித்தது, குளிர் காய்ச்சல் வந்தது. தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளில் மூத்தவன், என் மாமா, அந்தக் காய்ச்சலில் செத்தான். ஓடைப் பக்கம் புதைத்தார்கள். அம்மாச்சி அழுத இடம் அது. ஐம்பது வருடம் கழித்தும் ஒப்பாரி வைக்கச் சொன்னால் அந்த ஓடையைச் சொல்லித்தான் வைப்பாள். இந்தப் பூமியில் அவளுக்கு மண் என்று ஒன்று இருந்ததென்றால், அது ஒரு முதலாளியின் ஏலக்காட்டுக்குள் இருந்த அந்த நாலடி.

இப்போது பாட்டுக்கு வருவோம். வறுமையிலிருந்து தப்பிக்கப் போகிறவர்களின் சோகப் பாட்டைக் கேட்கிற பொதுக்காது என்ன செய்கிறது? 'போகிறவர்கள்' என்றாலே 'நிலத்தை விட்டுப் போகிறவர்கள்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. ஏனென்றால் அந்தக் காதுக்குத் தெரிந்த பெரிய துயரம் அது ஒன்றுதான்: காடு கழனியை இழப்பது. அது உண்மையான துயரம், நான் மறுக்கவில்லை. வைரமுத்துவே அந்தத் துயரத்தின் பிள்ளை. வைகை அணைக்காக மூழ்கிய ஊர்களில் அவர் பிறந்த மெட்டூரும் ஒன்று. அங்கிருந்து வடுகபட்டிக்கு வந்த குடும்பம் அவருடையது. அந்த நீருக்குள் போன வாழ்க்கையைத்தான் 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுதினார், 2003இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பேயத்தேவர் தன் நிலத்துக்காகவும் வீட்டுக்காகவும் படும் பாட்டை வாசித்து அழாதவர் கல். நானும் அழுதேன். ஆனால் தோழர்களே, அணை வந்தபோது பட்டா வைத்திருந்தவருக்குக் குறைந்தோ கூடியோ நட்டஈடு என்று ஒன்று இருந்தது. அதே நிலத்தில் கூலிக்கு உழைத்தவரை 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒரு மனிதராகவே எண்ணவில்லை. நிலத்தை நம்பிப் பிழைக்கும் நிலமற்றவருக்கும் பாதிப்பு உண்டு என்று இந்த நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது 2013இல். பேயத்தேவருக்கு ஒரு இதிகாசம் இருக்கிறது. அவர் காட்டில் கூலிக்கு வந்தவருக்கு என்ன இருக்கிறது?

ஒரு தேனிக்காரர், நிலம் மூழ்கிய வலியைச் சுமந்தவர், நிலமே இல்லாதவர்கள் மலையேறும் காட்சிக்குப் பாட்டு எழுதுகிறார். தன் வலியைத்தானே கொடுக்க முடியும்? கொடுத்தார். கவிஞரிடம் எனக்குச் சண்டை இல்லை. அதை 'எங்கள்' வலி என்று எங்களிடமே திருப்பிக் கொடுக்கிறவர்களிடம்தான் சண்டை.

படத்துக்கும் இதில் பங்கு உண்டு. 'பரதேசி' எந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்த 'ரெட் டீ'யை எழுதியவர் பி.எச்.டேனியல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளர் சங்கம் கட்டியவர். 1969இல் ஆங்கிலத்தில் வந்ததை இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குத் தந்தார். அதில் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமையின் தலித்துகள். எதற்காக மலையேறுகிறார்கள் என்பதற்குப் பசியோடு சாதியும் காரணமாக நிற்கிறது. படத்துக்கு வரும்போது அந்த அடையாளம் மங்கிவிடுகிறது. 'ஏழைச் சனங்கள்' மிஞ்சுகிறார்கள். சாதியை எடுத்துவிட்டால் ஏழைக்கு ஒரு கிராமம் கிடைத்துவிடும். கிராமம் கிடைத்தால் அதற்கொரு மண்வாசம் கிடைத்துவிடும். மண்வாசம் வந்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து அழலாம். மரத்தில் கட்டிவைத்து அடித்தவர் வீட்டுப் பேரனும் சேர்ந்தே அழலாம், அவனுக்கும் உறுத்தாது. (டேனியலைப் போன்ற ஒரு மருத்துவரின் நாவலிலிருந்து வந்த படத்தில், மருத்துவர் ஆடிப்பாடி மதம் மாற்றும் கோமாளியாக ஆனது தனிக்கதை. அப்போதே பலர் எழுதிவிட்டார்கள்.)

கிராமம் என்ற சொல்லைக் கேட்டாலே உருகுகிற நோய்க்கு அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில், அரசியல் நிர்ணய சபையில், எல்லோர் முகத்துக்கும் நேராக மருந்து சொன்னார். கிராமக் குடியரசு என்று நீங்கள் கொண்டாடுவது எங்களுக்கு என்னவாக இருந்தது என்று தெரியுமா என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நாமும் மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். இறங்கி வந்து காதில் இயர்போனை மாட்டியதும் மறந்துவிடுகிறோம். பாட்டு என்றால் விலக்கா?

சரி, ஒரு பாட்டை எப்படிக் கேட்டால் என்ன, இதில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்பீர்கள். என் ஆய்வுக் கட்டுரையைப் படித்த ஒரு மதிப்பீட்டாளரும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதியனுப்பினார்: மானுடம் முழுமைக்குமான துயரத்தைப் பாடும் பாடலுக்குள் சாதியைத் திணிக்க வேண்டாம், அந்தப் பகுதியை நீக்கினால் வெளியிடலாம். மானுடம் முழுமைக்குமான காதில் ஏன் எப்போதும் ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

குடி முழுகத்தான் செய்கிறது.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், தலித்துகள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள் அதில் பல. அந்த வாரம் என் கைப்பேசிக்கு வந்த அஞ்சலி வீடியோக்களில் பாதிக்கு மேல் 'செங்காடே'தான் ஓடியது. பிறந்த மண்ணை விட்டுப்போய் அந்நிய மண்ணில் புதைந்தார்கள் என்று வாசகம். அதே வாரம் மூணாற்றில் என்ன நடந்தது? முதல்வர் பார்வையிட வந்தபோது, பொம்பிளை ஒருமைப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற தோழர் கோமதி சாலையில் இறங்கி, எங்களுக்கு நிலமும் வீடும் கொடு என்று கேட்டார். போலீஸ் அவரை அப்புறப்படுத்தியது. மூன்று நான்கு தலைமுறை உழைத்தும் ஒரு செண்டு சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். கேரளத்தின் புகழ்பெற்ற நிலச்சீர்திருத்தச் சட்டம், 1963இல் வந்தது, குத்தகைக்காரருக்கு நிலம் தந்தது, நாடே மெச்சுகிறது. அந்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பு விலக்கு கொடுத்துவிட்டது. மலையில் உழைத்தவர்கள் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். இன்றும் நிற்கிறார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவர்கள் மண்ணை இழந்தவர்கள் என்றால் தீர்வு என்ன? திரும்பிப் போ, உன் மண் உன்னைக் கூப்பிடுகிறது. இவர்களுக்கு மண்ணே இருந்ததில்லை என்றால் தீர்வு என்ன? நிலம் கொடு, உழைத்த இடத்திலேயே கொடு. முதலாவதற்கு அரசு ஒரு காசு செலவழிக்க வேண்டாம், முதலாளி ஒரு செண்டு தரவேண்டாம். ஒரு பாட்டுப் போதும். கோமதி முன்னால் இருக்கும் நிலத்தைக் கையை நீட்டிக் கேட்கிறார். நாம் அவருக்குப் பின்னால் இல்லாத ஒரு நிலத்தைக் காட்டி ஆறுதல் சொல்லுகிறோம்.

தமிழ்த்தேசியத் தோழர்களும் இதே பாட்டை வேறு விதமாகக் கேட்பதுண்டு. தமிழன் மலையாளியிடம் அடிமைப்பட்ட கதையாக. 2011 டிசம்பர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முல்லைப் பெரியாறு பிரச்சினையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கிப் போனார்கள். அணை நம் உரிமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மேலே தமிழ்க் கூலிகள் மிரட்டப்பட்டார்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுவழியில் இறங்கி வந்தார்கள், அதுவும் உண்மை. வாரக்கணக்கில் ஜீப் ஓடவில்லை. எங்கள் தெருவில் அடுப்பெரியவில்லை. கீழே வயல் வைத்திருந்தவர்கள் தண்ணீருக்காகப் போராடினார்கள். அந்த வயலிலேயே வேலை கேட்டு அம்மா போனபோது, 'இப்ப ஆள் வேணாம்' என்றார்கள். தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் தண்ணீர் வேண்டியவரும் கூலி இழந்தவரும் இருந்தார்கள். தண்ணீருக்குக் கூட்டம் போட்டார்கள். கூலிக்கு யாரும் துண்டறிக்கைகூட அடிக்கவில்லை.

சோகத்தைத் தவிர வேறு எதையும் இந்த மலைகளில் பாடியதில்லையா? பாடியிருக்கிறார்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாடினார். சனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் கூலியையும் முதலாளியையும் வைத்துப் பாடினார். அந்த வெற்றியில் அவர் பாட்டுக்குப் பங்குண்டு என்று கம்யூனிஸ்டுகளே சொல்லியிருக்கிறார்கள். கேட்ட கூட்டமும் லயத்துக் கூட்டம்தான். நிலமற்ற சனங்கள், கொஞ்சம் முந்தைய தலைமுறை. அவர்கள் அழுதுவிட்டுப் போகவில்லை, ஓட்டுப் போட்டார்கள். பாவலரின் தம்பிதான் இளையராஜா. இன்று பண்ணைப்புரத்தைப் பற்றிப் பேசினால் 'வறுமையை வென்ற மேதை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வறுமை எந்தத் தெருவில் இருந்தது என்பதைச் சொல்ல நாக்கு வராது. அண்ணனின் மேடையோ நினைவிலேயே இல்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள், சங்கத் தலைவர்களையே விரட்டிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டு சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். வாங்கியும் காட்டினார்கள். ஊர்மண்ணை நினைத்து அழுதவர்கள் செய்கிற காரியமா இது? அந்தப் பெண்களின் படத்துக்கு இந்தப் பாட்டைப் போட்டு ஒரு வீடியோ நான் பார்த்ததில்லை. பொருந்தாது.

தேனிக்காரரான லெனின் பாரதி 2018இல் எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை இங்கே சொல்லாமல் போகமுடியாது. இளையராஜா இசை. அதில் ரங்கசாமி ஏலக்காய் மூட்டையைத் தலைச்சுமையாக மலையிலிருந்து இறக்குகிறவன். அவனுக்குப் பிரிய நிலம் இல்லை, வாங்க வேண்டும், கையகல நிலம். படம் முழுக்க அதற்காகவே நடக்கிறான். வாங்கியதும் கடனில் போய்விட, கடைசியில் அதே இடத்தில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மூட்டை உருண்டு விழுந்த இடத்தில் மட்டும் "அய்யோ, காய் போச்சே" என்று கத்திவிட்டார், தியேட்டரே திரும்பிப் பார்த்தது. 'பரதேசி'யைப் பற்றி வாய் திறக்காதவர், இந்தப் படத்தில் உரக்கடைக்காரன் கணக்கு எழுதியது சரியா தப்பா என்று ஒரு வாரம் தெருவில் விவாதித்தார்.

பாட்டைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. நானே இன்னும் கேட்கிறேன், மெட்டு அப்படி. வரும்போது போடு என்று மதினி சொன்னாரே, அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சாயங்காலம் ஜீப் இறங்கும்போது உடம்பெல்லாம் வலி, கையில் அன்றைய கூலி, இருட்டுவதற்குள் வீடு. அப்போது அந்தப் பாட்டை அவர் எதற்காகக் கேட்கிறார்? கேட்டேன். "தூக்கம் நல்லா வரும்" என்றார்.

எங்கள் வீடு இருக்கிற இரண்டு செண்டுக்குப் பட்டா கேட்டு அம்மா மனுப் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. மனுவில் நான்கு எல்லை எழுத வேண்டும். கிழக்கே யார் நிலம், மேற்கே யார் நிலம் என்று. மூன்று பக்கமும் ஒரே ஆளின் பெயரை எழுதியிருக்கிறோம். நான்காவது பக்கம் வாய்க்கால்.

மதிப்பீட்டாளருக்குக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் நீக்கச் சொன்ன பகுதியில் பதினொரு பெண்களின் பேச்சையும் முழுதாகச் சேர்த்திருக்கிறேன். நான்கு பக்கம் கூடிவிட்டது.